நீலம் போன போத்தல்

வெங்காயத் தோலை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்து, தெரிவதை வரையச் சொன்னார்கள். நான்காம் படிவத்தின் முதல் மாதம். முப்பத்திரண்டு பேர் இருந்த வகுப்பில் முப்பத்தொரு பேர் பாடப்புத்தகப் படத்தையே வரைந்தோம். செங்கல் அடுக்கிய மாதிரி செல்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு நியூக்ளியஸ், பக்கத்தில் கோடு இழுத்துப் பெயர். என் பக்கத்து ஸ்டூலில் இருந்தவள் மட்டும் ஒரு தடித்த கறுப்பு வளையத்தை வரைந்திருந்தாள். கீழே, இது என்னவென்று தெரியவில்லை என்று மலாயில் எழுதியிருந்தாள்.

அது காற்றுக் குமிழி. மேலே வைக்கும் கண்ணாடித் துண்டைச் சரியாக மூடாவிட்டால் வரும். பயோ டீச்சர் அந்தத் தாளைத் தூக்கிப் பிடித்து வகுப்புக்கே காட்டினார். எல்லாரும் சிரித்தோம். நான் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன். ஏனென்றால் எனக்கும் கறுப்பு வளையம்தான் தெரிந்தது. எங்கள் இருவருக்கும் ஒரே மைக்ராஸ்கோப்.

"புத்தகத்துல இருக்குல்ல, அதப் பார்த்து வரையத் தெரியாதா?" என்று டீச்சர் கேட்டார்.

"புத்தகத்துல பார்த்தேன் டீச்சர். இதுல பார்க்கல," என்றாள்.

பத்துக்கு இரண்டு. அடுத்த நான்கு நாள் அவள் சாப்பாட்டு இடைவேளைக்கு இறங்கி வரவில்லை. லேப் உதவியாளரைக் கெஞ்சி உள்ளே போய், புதுப் புதுத் தோலாக உரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான்காவது நாள் ஒரு செல்லில் மங்கலாக ஒரு புள்ளி தெரிந்ததாம். நான்கு செல் வரைந்து, ஒன்றில் மட்டும் புள்ளி வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். டீச்சர் மதிப்பெண்ணை மாற்றவில்லை. அவள் அந்தத் தாளை மடிக்காமல் கோப்பில் வைத்துக்கொண்டாள்.

அவள் பெயரை எழுத மாட்டேன். இதே பினாங்கில்தான் இருக்கிறாள். அவளைப் பற்றி நல்லதாக எழுதி அவளைச் சந்தோஷப்படுத்தும் உரிமை எனக்கு இல்லை என்பது ஒரு காரணம். எனக்கு அவள் மேல் கோபமும் உண்டு என்பது இன்னொன்று. ஏன் கோபம் என்று கேட்டால் நியாயமான பதில் கிடையாது.

அவளுடைய அப்பா, அத்தா என்றுதான் கூப்பிடுவாள், சூலியா தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் ரொட்டி போடுபவர். வீடு ஆயர் ஈத்தாமில், பிளாட்டில் பத்தாவது மாடி. நாங்கள் டத்தோ கிராமாட்டில் இருந்தோம். என் அம்மா தொழிற்சாலையில் நின்றுகொண்டே வேலை செய்தவர். நான் நர்ஸாக வேண்டும் என்று முடிவு செய்ததும் அம்மாதான். எனக்கு அப்போது எதுவும் ஆக வேண்டும் என்று இல்லை. அவளுக்கு இருந்தது. ஆஸ்பத்திரியில் இரத்தத்தைப் பரிசோதிக்கும் லேபில் வேலை செய்ய வேண்டும். டாக்டர் இல்லையா என்று ஒருமுறை கேட்டேன். டாக்டர் அந்தத் தாளைத்தான் பார்ப்பார், இரத்தத்தைப் பார்ப்பவர் லேபில் இருப்பவர்தான் என்றாள்.

இரண்டு வருடம் ஒரே மேசை. எந்த ஸ்லைடாக இருந்தாலும் முதலில் என்னைத்தான் பார்க்க விடுவாள். ஃபோகஸ் எல்லாம் அவளே சரி செய்துவிட்டு, "நீ பாரு முதல்ல," என்று ஸ்டூலைத் தள்ளிக்கொள்வாள். நான் கண்ணை வைத்ததும் அவள் கன்னத்தில் கை வைத்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். எனக்குத் தெரிந்துவிட்டதா இல்லையா என்று நான் சொல்வதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிடும். "ஆ, பார்த்துட்ட," என்பாள். எனக்கு அது பிடிக்கும். அதை அவளிடம் சொன்னதில்லை.

ஆட்டு இதயத்தை வெட்டிப் பார்க்கும் பாடத்துக்கு அவளுடைய அத்தாதான் கடைக்குக் கறி போடுகிறவரிடம் சொல்லி எட்டு இதயம் வாங்கிக் கொடுத்தார். கறிக்கடைக்காரர் இரத்தம் வடிய ஒவ்வொன்றிலும் கத்தியால் ஒரு கீறல் போட்டு அனுப்பியிருந்தார். நாங்கள் எல்லாரும் கீறலே இல்லாத இதயத்தை வரைந்தோம். அவள் கீறலையும் வரைந்து, கோடு இழுத்து, 'கறிக்கடைக்காரர் வெட்டியது' என்று பெயர் போட்டாள். அன்றைக்கு டீச்சரே சிரித்துவிட்டார். ஆனால் மதிப்பெண் குறைத்தார். ஸ்கீமாவில் அது இல்லை.

ஸ்கீமா என்றால் விடைத் திட்டம். எந்தச் சொல் எழுதினால் எத்தனை மதிப்பெண் என்று ஆசிரியர்களிடம் இருக்கும் தாள். நாங்கள் படித்தது பயோ இல்லை, ஸ்கீமா. மூத்த மாணவிகளின் பழைய அறிக்கைகள் கைமாறி வரும். பரிசோதனை செய்வதற்கு முந்தின நாளே முடிவு எழுதி வைத்திருப்போம். யாரும் இதைத் தப்பு என்று நினைக்கவில்லை. டீச்சருக்கும் தெரியும். வாரத்துக்கு நான்கு பாடவேளையில் இவ்வளவு தடிமனான புத்தகத்தை முடிக்க வேறு வழி கிடையாது. அவரை மட்டும் குறை சொல்லி நான் தப்பிக்கப் போவதில்லை.

அவள் வெளியிலும் இப்படித்தான். ஒரு சனிக்கிழமை டியூஷனுக்குப் போகாமல் மற்றப் பெண்களோடு ஊர் சுற்றப் போனேன். அம்மா அவளுக்குப் போன் போட்டு நான் வந்தேனா என்று கேட்டிருக்கிறார். "நான் பார்க்கல ஆன்ட்டி," என்றிருக்கிறாள். அன்று அம்மா கையில் துடைப்பம். திங்கட்கிழமை பள்ளியில் அவளைப் பிடித்தேன்.

"வந்தாள்னு ஒரு வார்த்தை சொன்னா உன் வாய் கோணிப் போயிருமா?"

"நீ வரலயே."

"அதான் தெரியுமேடி."

"தெரிஞ்சுக்கிட்டே எப்படி சொல்றது?" என்றாள். கிண்டல் இல்லை. நிஜமாகவே கேட்டாள்.

இரண்டு வாரம் பேசாமல் இருந்தேன். அந்த இரண்டு வாரமும் அவள் ஸ்லைடைச் சரிசெய்து, ஸ்டூலைத் தள்ளிக்கொண்டு, முதலில் என்னைத்தான் பார்க்க விட்டாள்.

ஐந்தாம் படிவம் வந்ததும் பள்ளியில் ஒரு வேலை நடக்கும். பள்ளி முடிக்கும்போது எழுதும் எஸ்.பி.எம். தேர்வுக்குப் பெயர் பதியும் முன், தேற மாட்டார்கள் என்று தோன்றும் பிள்ளைகளைக் கூப்பிட்டு, பயோவை விட்டுவிடு, வேறு பாடம் எடு என்பார்கள். பள்ளியின் சராசரி கெடக்கூடாது. பெற்றோர் ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். விருப்பப்பட்டு விடுவதாக அந்தக் கடிதத்தில் இருக்கும். எங்கள் வகுப்பில் ஐந்து பெயர் எடுக்கப் போவதாக டீச்சர் சொன்னார். சோதனை மதிப்பெண்ணோடு ஒரு பரிசோதனை அறிக்கையும் சேர்த்துப் பார்ப்பார்களாம். சோதனையில் எனக்கு நாற்பத்து மூன்று. அவளுக்கு நாற்பத்தொன்று. தெரியாத கேள்விக்கு அவள் வெற்றிடம் விட்டிருந்தாள். நான் எதையாவது எழுதி வைத்திருந்தேன். எங்கள் மேசைக்கு மேலே கயிறு தொங்குவது இருவருக்கும் தெரிந்தது.

பரிசோதனை தண்ணீர் மாசு பற்றியது. நான்கு இடத்துத் தண்ணீர் கொண்டுவர வேண்டும். ஆறு, குளம், சாக்கடை, வீட்டுக் குழாய். ஒவ்வொன்றையும் ஒரு போத்தலில் ஊற்றி, மெத்திலீன் ப்ளூ என்ற நீல மருந்தைக் கொஞ்சம் விட்டு, இருட்டு அலமாரியில் வைக்க வேண்டும். தண்ணீரில் கிருமி அதிகம் இருந்தால் நீலம் சீக்கிரம் போய் வெளுத்துவிடும். சாக்கடை முதலில் வெளுக்கும், குழாய்த் தண்ணீர் கடைசிவரை நீலமாகவே இருக்கும். ஸ்கீமா அது.

மற்றவர்கள் கேண்டின் பின்னால் இருந்த லோங்காங் வாய்க்காலில் இறங்கி, ஒரே சாக்கடைத் தண்ணீரை மூன்று போத்தலில் பிடித்து, ஆறு, குளம், சாக்கடை என்று ஒட்டிக்கொண்டார்கள். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆயர் ஈத்தாமில் ஆற்றங்கரையில் அவள் வழுக்கி விழுந்து சட்டை முழுக்கச் சேறாக, ஒரு போத்தல் ஆற்றுத் தண்ணீர் எடுத்தோம். அவள் அந்தச் சேற்றோடே பஸ்ஸில் ஏறினாள். எனக்கு வெட்கமாக இருந்தது. பின்னால் போய் உட்கார்ந்தேன்.

குழாய்த் தண்ணீர் என் பொறுப்பு. போத்தல்கள் அவளுடைய அத்தா கடையிலிருந்து வந்தவை. டீ போடுவதற்கு டின் பாலை உடைத்து ஊற்றி வைக்கும் பிளாஸ்டிக் போத்தல். "பால் இருந்த போத்தல்டி. வெந்நீர் ஊத்தி மூணு தடவை கழுவு," என்று சொல்லித்தான் கொடுத்தாள். நான் குழாயைத் திறந்து ஒரு தடவை அலசினேன். பச்சைத் தண்ணீர். அப்படியே நிரப்பி, மூடி, முந்தின நாள் சாயங்காலமே பையில் வைத்துவிட்டேன்.

பாலில் வளரும் கிருமி அந்த நீலத்தைக் குடித்துவிடும் என்று எனக்குத் தெரியாது. ஒரு தடவைதான் அலசினேன் என்பது தெரியும்.

காலையில் மருந்து விட்டு அலமாரியில் வைத்தோம். தண்ணீர் கொஞ்சம் மங்கலாக இருப்பதாக அவள் குறித்துக்கொண்டாள். இடைவேளைக்கு முன் போய்த் திறந்தபோது சாக்கடை போத்தல் இன்னும் வெளிர் நீலம். குழாய்த் தண்ணீர் சுத்தமாக வெளுத்திருந்தது. டத்தோ கிராமாட்டில் எங்கள் வீட்டில் வரும் தண்ணீர் லோங்காங்கை விட மோசம் என்று அந்தப் போத்தல் சொன்னது.

"நீலமாவே இருந்துச்சுன்னு எழுது," என்றேன்.

"வெள்ளையா இருக்கே."

"எல்லாரும் என்ன எழுதுறாங்களோ அதை எழுதுலா. நம்ம பேரு லிஸ்ட்ல வந்துரும், தெரியும்ல?"

"தெரியும்," என்றாள். பிறகு எழுதினாள். குழாய்த் தண்ணீர், முதலில் வெளுத்தது, காரணம் தெரியவில்லை. வெங்காயத் தோலுக்கு எழுதிய அதே எழுத்து.

நான் ஸ்கீமாவை எழுதினேன்.

ஒரே மேசையிலிருந்து இரண்டு விதமான அறிக்கை போனால் என்ன ஆகும் என்று யோசிக்கவில்லை. திங்கட்கிழமை இருவரையும் ஆசிரியர் அறைக்குக் கூப்பிட்டார்கள். டீச்சர் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார். ஒரே தண்ணீர், ஒரே போத்தல், எப்படி இரண்டு முடிவு என்று கேட்டார். வெள்ளிக்கிழமை பட்டியல் போக வேண்டும் என்பதையும் சொன்னார்.

"வெளுத்துப் போச்சு டீச்சர். ரெஹாட் மணி அடிக்கிறதுக்கு முன்னாடியே," என்றாள்.

"குழாய்த் தண்ணி எப்படிம்மா வெளுக்கும்? கொஞ்சமாவது யோசிச்சியா?"

"யோசிச்சேன். தெரியல. தெரியலன்னுதான் எழுதியிருக்கேன்."

டீச்சர் என் பக்கம் திரும்பினார். அவருக்கு என்ன பதில் வேண்டும் என்பது முகத்திலேயே இருந்தது. ஸ்கீமாவோடு ஒத்துப்போகிற பதில் வந்தால் அவருக்கு ஒரு தலைவலி குறையும்.

"நீ சொல்லு."

"நீலமாத்தான் இருந்துச்சு டீச்சர்," என்றேன்.

வெளியே வந்த பிறகு அவள் திட்டவில்லை. படிக்கட்டில் பாதியில் நின்று, "போத்தல எத்தனை தடவை கழுவின?" என்று மட்டும் கேட்டாள். மூணு என்றேன். தலையாட்டிவிட்டு இறங்கிப் போனாள்.

நம்பியிருந்தால் விட்டிருப்பாள். நம்பவில்லை. சந்தேகப்பட்டுச் சண்டை போடவும் இல்லை. கடையிலிருந்து இன்னும் இரண்டு பால் போத்தல் எடுத்து, ஒன்றை வெந்நீரில் மூன்று தடவை கழுவி, மற்றதைப் பச்சைத் தண்ணீரில் ஒரு தடவை அலசி, இரண்டையும் ஒரே குழாயில் நிரப்பி ஒரு ராத்திரி வைத்திருக்கிறாள். வியாழக்கிழமை காலை லேப் உதவியாளரிடம் கேட்டு மருந்து விட்டு அலமாரியில் வைத்துவிட்டு, இடைவேளை மணி அடித்ததும் என் கையைப் பிடித்து லேபுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

லேபில் யாரும் இல்லை. மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அலமாரிக் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றாள்.

"நீ பாரு முதல்ல."

பார்த்தேன். ஒரு போத்தல் நீலம், பள்ளிச் சட்டையில் பட்டால் போகாத நல்ல நீலம். பக்கத்துப் போத்தல் வெள்ளை. அடியில் மட்டும் நூல் மாதிரி ஒரு நீலக் கோடு. என் வீட்டுச் சமையலறை, திறந்த குழாய், ஒரு அலசல், எல்லாம் அந்த வெள்ளைக்குள் இருந்தது.

"போத்தல் சரியா கழுவலன்னு சொன்னா போதும்டி. நீ பொய் சொன்னேன்னு சொல்ல வேண்டாம். தப்பு போத்தல்லன்னு சொல்லு. வந்து சொல்றியா?" என்றாள். அவள் இத்தனை வார்த்தை ஒன்றாகப் பேசி நான் கேட்டதில்லை. "நாளைக்கு லிஸ்ட் போயிரும்."

போய்ச் சொன்னால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டேன். அறிக்கையில் பொய் எழுதினேன், டீச்சரிடம் பொய் சொன்னேன், மதிப்பெண் நாற்பத்து மூன்று. ஐந்தாவது பெயர் என்னுடையதாகும். அம்மா அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடுவதை நினைத்தேன். இதெல்லாம் காரணம் என்று சொல்கிறேன். பயந்தேன் என்பதுதான் உண்மை.

"பார்த்தேல்ல?" என்றாள்.

"நான் பார்க்கல," என்றேன்.

அவளுடைய வார்த்தை. அதே மாதிரி, அதே குரலில் சொன்னேன். அவள் இரண்டு போத்தலையும் எடுத்துக்கொண்டு தனியாக ஆசிரியர் அறைக்குப் போனாள். டீச்சர் அவற்றை மேசையில் வைக்கக்கூட விடவில்லையாம். இதை வீட்டில் எப்படி வேண்டுமானாலும் செய்துகொண்டு வரலாம் என்றாராம். கூட இருந்தவளே இல்லை என்கிறாளே என்றும் கேட்டாராம். லேப் உதவியாளர் சொல்லித்தான் இது எனக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை பட்டியலில் ஐந்து பெயர். நான் இல்லை. அவள் இருந்தாள்.

அடுத்த வாரம் அவளுடைய அத்தா கடை உடையிலேயே பள்ளிக்கு வந்தார். மணிக்கட்டில் மாவு காய்ந்திருந்தது. அலுவலகக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று, பேனாவில் எண்ணெய் படாமல் இருக்க விரலைச் சட்டையில் துடைத்துத் துடைத்து, விருப்பப்பட்டு விடுவதாக இருந்த கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். வெளியே வந்தபோது என்னைப் பார்த்துவிட்டார். எங்கள் வீட்டுக்குப் பலமுறை ரொட்டி கட்டிக் கொடுத்தவர்.

"ஏம்மா, எம்மவ என்னமும் தப்பு செஞ்சிட்டாளா?" என்று கேட்டார். "கேட்டா, இல்லங்குறா."

"தெரியல மாமா," என்றேன். இன்னொரு பொய். இது யாரும் கேட்டு வாங்கிய பொய்கூட இல்லை. அந்த மனிதரிடம் சொல்லியிருக்கலாம்.

அதன் பிறகு பயோ பாடவேளையில் அவள் நூலகத்தில் வணிகப் புத்தகத்தோடு இருந்தாள். என் மேசைக்கு வேறொரு பெண் வந்தாள். மைக்ராஸ்கோப்பை அவளே வைத்துக்கொள்வாள். எனக்குக் கவலை இல்லை, நான் பார்க்கப் போவதில்லை. தேர்வில் பி கிடைத்தது. நர்ஸிங் கல்லூரியில் சேர அது போதுமானதாக இருந்தது.

பத்து வருடமாக வார்டில் வேலை செய்கிறேன். நான்கு மணி நேரத்துக்கு ஒருதரம் இரத்த அழுத்தம் பார்த்து எழுத வேண்டிய இடத்தில், நோயாளியைத் தொடாமலே போன தடவை எழுதினதுக்குப் பக்கத்து எண்ணை எழுதி வைக்கிற புது நர்ஸ் பிள்ளைகள் உண்டு. பார்த்த உடனே தெரியும் எனக்கு. அந்த வேலையில் நான் தேர்ந்தவள். தாளைத் தூக்கி எறிந்திருக்கிறேன். வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறேன். இந்த அக்கா சிடுமூஞ்சி என்று முதுகுக்குப் பின்னால் சொல்கிறார்கள். சொல்லட்டும். ஒரு பெண் அழுதுகொண்டே, "ஒரு தடவைதானே அக்கா," என்றாள். அன்று நான் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

போன வருடம் ஆயர் ஈத்தாம் சந்தையில் அவளைப் பார்த்தேன். மீன்கடையில், முன்னால் குனிந்து, ஒவ்வொரு மீனாகச் செவுளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மீன்காரர் எல்லாம் காலையில் வந்த மீன் என்று சத்தியம் செய்துகொண்டிருந்தார். "இது காலையில வந்ததுண்ணே, இது இல்ல," என்று பிரித்து வைத்தாள். கப்பல் சரக்கு அலுவலகம் ஒன்றில் கிளார்க்காக இருக்கிறாளாம். எப்படி இருக்கிறாய், அம்மா எப்படி என்று சாதாரணமாகத்தான் விசாரித்தாள். நான் பல வருடம் வாயில் வைத்திருந்ததைத் துப்பினேன்.

"அன்னிக்கு நான் பார்த்தேன். வெள்ளையாத்தான் இருந்துச்சு."

"தெரியும்லா," என்றாள்.

"எப்படி தெரியும்?"

கையில் இருந்த மீனைப் பனிக்கட்டி மேல் வைத்தாள். "நான் போத்தல பார்க்கல அன்னிக்கு. அதை முன்னாடியே பார்த்துட்டேன். உன் மூஞ்சியத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன்."

மீன்காரர் எதை நிறுக்க என்று கேட்டார். அவள் இரண்டு மீனைக் காட்டினாள். பையை வாங்கிக்கொண்டாள். நான் போகாமல் நின்றேன். எதற்கு நின்றேன் என்பது அவளுக்குத் தெரியும். என் முகத்தைப் பார்த்தால் அவளுக்குத் தெரிந்துவிடும். பஸ் வந்துவிடும், வருகிறேன் என்றாள். மன்னித்துவிட்டேன் என்று சொல்லவில்லை. இல்லாததைச் சொல்லும் பழக்கம் அவளுக்கு எப்போதும் கிடையாது.